நிறம் போய்விட்டது, சாயம் எங்கே?

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் அடர்நீல நீர், மற்றதில் தெளிந்த நீர். பக்கத்தில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. "நான் செய்த பொடி, மொட்டை மாடி வெயில், ஒன்றரை மணி நேரம்" என்று கீழே எழுதியிருந்தேன். அத்தை, மாமா, பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். கோத்தா பாருவில் இருக்கும் சித்தப்பா மட்டும் நேரே போன் போட்டார். அவர் அங்கே, மெழுகால் கோலம் போட்டுத் துணிக்குச் சாயம் தீட்டும் ஒரு சின்ன பாத்தேக் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவர்.

"ஏம்மா, அந்தப் பொடி ஒரு கிலோ என்ன விலை ஆகும்? முதலாளிகிட்ட சொல்லிட்டேன். பட்டறைக்கே வாங்கிப் போட்டுடலாம்னாரு."

"அவசரப்படாதீங்க சித்தப்பா. அது பட்டறைக்கு இன்னும் ஆகாது."

"கலர்தான் போயிருச்சே. அப்புறம் என்னம்மா?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் அதுதான் தோன்றும். ஒளி பட்டால் தண்ணீரிலுள்ள சாயத்தைச் சிதைக்கும் பொடிகளை, அதாவது ஒளிவினையூக்கிகளை, செய்வது எங்கள் துறை. அதில் வருகிற கட்டுரைகள் பலவும் அந்த இரண்டு குப்பிகளோடு நின்றுவிடுகின்றன. ஆனால் தண்ணீரிலிருந்து நிறம் போவது வேறு, சாயம் போவது வேறு. முதலாவது எளிது. இரண்டாவதுதான் வேலை. போனில் அரை மணி நேரம் சொல்லியும் முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன். புதிதாக ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும் பயன்படும்.

பொடி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இந்த வேலைக்கு நாங்கள் எடுக்கும் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டும் குறைக்கடத்திகள். அவற்றுக்குள் எலக்ட்ரான்கள் நிரம்பிய ஒரு பட்டை கீழே இருக்கிறது, காலியான ஒரு பட்டை மேலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு ஆற்றலுள்ள ஒளி பட்டால் எலக்ட்ரான் மேலே ஏறிவிடும், அது இருந்த இடத்தில் ஒரு துளை விழும். டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வடிவத்துக்கு அந்த இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது 387 நானோமீட்டரோ அதற்குக் குறைந்த அலைநீளமோ உள்ள ஒளி வேண்டும். அது புற ஊதா. துத்தநாக ஆக்சைடும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்.

மேலே ஏறிய எலக்ட்ரான் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பிடித்து சூப்பராக்சைடு ஆக்கும். கீழே விழுந்த துளை தண்ணீரிடமிருந்தோ ஹைட்ராக்சைடிடமிருந்தோ ஓர் எலக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சில் ரேடிகலை உண்டாக்கும். இந்த ஹைட்ராக்சில் ரேடிகலுக்கு இது சாயம், இது மெழுகு, இது சோப்பு என்ற பேதமே கிடையாது. பக்கத்தில் எந்தக் கரிமப் பொருள் இருந்தாலும் தாக்கும். அதனுடைய பலம் அதுதான். பட்டறைத் தண்ணீருக்கு வரும்போது அதுவே சிக்கலாகவும் ஆகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். தோக்கியோவில் கெனிச்சி ஹோண்டாவின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, 1967-ல் டைட்டானியம் டை ஆக்சைடு படிகம் ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்து ஒளி பாய்ச்சியபோது அதன் பரப்பிலிருந்து வாயுக் குமிழிகள் வருவதைக் கண்டார். ஒளியே தண்ணீரைப் பிரிக்கிறது என்ற அந்த முடிவு 1972-ல் நேச்சர் இதழில் வந்தது. அதற்கும் முன்னாலேயே பெயிண்ட் தொழிலில் இருந்தவர்கள் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருந்தார்கள். வெள்ளைப் பெயிண்டில் கலப்பது இதே டைட்டானியம் டை ஆக்சைடைத்தான். வெயில் பட்ட சுவரில் அது தன்னைப் பிடித்துவைத்திருக்கும் பசையையே சிதைத்துவிடும். கையை வைத்தால் வெள்ளைத்தூள் ஒட்டும். இன்றைக்கு பெயிண்டுக்கான துகள்மேல் சிலிக்கா, அலுமினா பூசி அந்த வேலையை அடக்கிவைக்கிறார்கள். பெயிண்ட்காரர்கள் அடக்கிவைப்பதைத்தான் நாங்கள் வேண்டுமென்றே அவிழ்த்துவிடுகிறோம்.

துத்தநாக ஆக்சைடு செய்வது கஷ்டமே இல்லை. நான் தொடங்கியதும் அதில்தான். துத்தநாக அசிடேட் டைஹைட்ரேட் 21.95 கிராம் எடுத்தால் அது 0.1 மோல். அதைத் தண்ணீரில் கரைத்துக் கலக்கிக்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் 8 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். முதல் சொட்டு விழும் இடத்தில் ஒரு வெள்ளை இழை தோன்றி, சுழலில் சிக்கி மறையும். பிறகு மறையாது. பீக்கர் முழுக்கக் கட்டியாகி, உள்ளே சுழலும் காந்தக்கட்டையே திணறும். அளவு பார்க்காமல் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிக்கொண்டே போனால் அந்த வெள்ளை மறுபடியும் கரைய ஆரம்பிக்கும். துத்தநாகம் அமிலத்திலும் கரையும், மிகுந்த காரத்திலும் கரையும். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதைக் கழுவுவதில்தான் பொறுமை வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் போட்டு, மேல்நீரைக் கொட்டி, புதுநீர் விட்டுக் குலுக்கி, மறுபடியும் சென்ட்ரிஃபியூஜ். கடைசியில் எத்தனாலில் ஒரு கழுவல். அசிடேட் மிச்சம் இருந்தால் உலையில் கருகிப் பொடி சாம்பல் நிறமாகும். பிறகு 80 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, அகேட் உரலில் அரைத்து, பீங்கான் மூசையில் போட்டு 450 டிகிரி உலையில் இரண்டு மணி நேரம். எல்லாம் நன்றாகக் கைக்கு வந்தால் 8 கிராமுக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கவேண்டும். கழுவும்போது கொஞ்சம் போய்விடும்.

உலைக்கதவைத் திறக்கிற நேரம் எனக்கு அலுத்ததே இல்லை. உள்ளே வெள்ளைப் பொடி வைத்தோம், இடுக்கியால் வெளியே எடுப்பதோ எலுமிச்சை மஞ்சள். முதல் முறை பார்க்கிறவர்கள் ஏதோ கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். கெடவில்லை. சூட்டில் அந்த ஆற்றல் இடைவெளி சுருங்குகிறது; ஊதாவைத் தாண்டிக் கொஞ்சம் நீல ஒளியையும் பொடி விழுங்குகிறது; அதனால் கண்ணுக்கு மஞ்சள். மேசைமேல் வைத்து ஆறவிட்டால் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியாக நடுவிலும் வெள்ளையாகும். ஆற்றல் இடைவெளி என்பது பாடப்புத்தகத்துக் கோடு இல்லை, கண்முன்னே அசைகிற ஒன்று என்று எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. வகுப்புக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

நானோ என்று எப்படித் தெரியும்? பொடியில் பட்ட எக்ஸ்ரே எந்தக் கோணங்களில் சிதறுகிறது என்று பார்க்கும் விளிம்பு விளைவுச் சோதனையில் துத்தநாக ஆக்சைடுக்கு 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் மூன்று சிகரங்கள் சேர்ந்து நிற்கும். துகள் சிறுத்தால் சிகரம் அகலும். 36.3-ல் உள்ள சிகரத்தின் அகலம் 0.35 டிகிரி என்றால், ஷெரர் சமன்பாட்டின்படி படிகத்தின் அளவு சுமார் 24 நானோமீட்டர். அந்த அளவில் தனித்தனி உருண்டைகளாக இருந்தால் ஒரே ஒரு கிராம் பொடியின் மொத்தப் பரப்பு 45 சதுர மீட்டர் வரும். பினாங்கின் பழைய மலிவு விலை அடுக்குமாடி வீடு ஒன்றின் தரை கிட்டத்தட்ட அவ்வளவுதான். வினை நடப்பது பரப்பில் என்பதால் நாங்கள் சிறுசாக்கப் பாடுபடுகிறோம். உலையின் சூட்டைக் கூட்டினால் படிகம் சீராகும், ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை ஒவ்வொருவரும் தன் உலையோடு பழகித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

இனி அந்த நீலக் குப்பி. அதில் இருப்பது மெத்திலீன் நீலம். 1876-ல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ தயாரித்த சாயம். 1891-ல் பவுல் எர்லிக் இதையே மலேரியாவுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். இன்றைக்கு உலகத்தில் ஒளிவினையூக்கி செய்கிறவர்களில் பலரும் முதலில் இதைத்தான் எடுக்கிறார்கள். விலை குறைவு, நிறம் ஆழம், அது ஒளியை உறிஞ்சும் நிறமாலையில் 664 நானோமீட்டரில் அழகான ஒரு சிகரம். பரப்புகளின் ஒளிவினைத் திறனை அளக்கும் ஐ.எஸ்.ஓ 10678 தரமுறையும் இதையேதான் பயன்படுத்துகிறது.

லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயம். அதில் 100 மில்லி எடுத்து 50 மில்லிகிராம் பொடி போட்டு, முதலில் அரைமணி நேரம் இருட்டில் கலக்கவேண்டும். இதை விட்டுவிடக்கூடாது. சாயம் பொடியின் பரப்பில் வெறுமனே ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் வெளுக்கும். அதை ஒளியின் கணக்கில் சேர்த்துவிட்டால் பொய்க்கணக்காகிவிடும். அதே மாதிரி பொடி இல்லாமல் ஒளி மட்டும் பட்ட ஒரு குப்பியும் பக்கத்திலேயே இருக்கவேண்டும், ஏனென்றால் மெத்திலீன் நீலம் தானாகவும் வெயிலில் கொஞ்சம் வெளுக்கும். அளப்பதற்கு முன் பொடியைப் பிரிக்க நான் சென்ட்ரிஃபியூஜைத்தான் நம்புகிறேன். ஊசி வடிகட்டி சுலபம்தான். ஆனால் சில வடிகட்டிச் சவ்வுகள் இந்தச் சாயத்தைத் தாங்களே பிடித்து வைத்துக்கொள்ளும். சவ்வு நீலமாகிவிட்டதைப் பார்க்காமலே 'நீக்கம் நடந்தது' என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்த பிறகும், நிறமாலையை உற்றுப் பார்க்காமல் விட்டால் ஏமாந்துபோவோம். 664-ல் உள்ள எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சிகரம் அழகாக இறங்கிக்கொண்டே வரும். முழு நிறமாலையும் எடுத்துப் பார்த்தால், சிகரம் இறங்குவதோடு இடது பக்கமாக நகர்வதும் தெரியும். 664 போய் 655, பிறகு 640. மெத்திலீன் நீலத்தின் ஓரங்களில் நான்கு மெத்தில் குழுக்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அசூர் பி, அசூர் ஏ, அசூர் சி, கடைசியில் தயோனின் என்று வேறு வேறு சாயங்கள் உண்டாகின்றன. எல்லாமே நீலமும் ஊதாவுமான சாயங்கள்தான். நடு எலும்பு அப்படியே நிற்கிறது. 664-ல் மட்டும் பார்க்கிறவருக்குச் சாயம் அழிந்த கணக்கு. தண்ணீருக்குள் அது சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்றை எங்கள் ஆய்வகத்திலேயே பார்த்தோம். எங்களோடு வேலை செய்யும் ஒரு தங்கை முருங்கை இலைச் சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு செய்திருந்தாள். பசுமை முறை என்று இப்போது எல்லா இடத்திலும் செய்கிறார்கள். அதிகச் சூட்டில் சுடாமல் உலர்த்தி மட்டும் எடுத்த பொடி. மூடிய குப்பியில் விளிம்புவரை சாயநீரை நிரப்பி ஒளியில் வைத்தாள். அருமையாகத் தெளிந்தது. மூடியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு இருவரும் பசியாறப் போனோம். திரும்பி வந்ததும் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன். மேலே மட்டும் மறுபடியும் நீலமா இருக்கு."

காற்று பட்ட மேல்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம். குப்பியைக் குலுக்கச் சொன்னேன். முழுவதும் நீலமானது. அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அன்று அவள் கற்றுக்கொண்டது பெரிது, நானும் அதை அப்படிக் கண்ணால் பார்த்தது அன்றுதான். நடந்தது இதுதான்: பொடியோடு ஒட்டியிருந்த இலைச்சாற்றின் சர்க்கரையும் பாலிபீனால்களும் துளைகளுக்குத் தீனியாகப் போய்விட்டன. மூடிய குப்பியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் எலக்ட்ரான்கள் சாயத்தின்மேலேயே ஏறின. மெத்திலீன் நீலம் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டால் நிறமற்ற லூக்கோ வடிவமாகிவிடும். மூலக்கூறு முழுசாக இருக்கும், நிறம் மட்டும் இருக்காது. ஆக்சிஜன் கிடைத்ததும் பழைய நீலத்துக்கே திரும்பிவிடும். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் தெளிந்த எந்தக் குப்பியையும் திறந்து, குலுக்கி, கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்காமல் யாரும் எண் எழுதுவதில்லை.

இலைச்சாற்று முறையை நான் எதிர்க்கவில்லை. இலையிலிருந்து வந்த கரிமப் பொருளைச் சுட்டு அகற்றிவிட்டால் அதுவும் மற்றப் பொடிகளோடு ஒன்றுதான். சுடாமல் விட்டால் தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடும் பொடியே தண்ணீரில் கரிமத்தைக் கலக்கிறது. அதைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கட்புல ஒளியிலேயே வேலை செய்யும் பொடி என்ற பேச்சும் இப்படித்தான். சூரிய ஒளியில் புற ஊதா நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்குதான். பினாங்கின் உச்சி வெயிலிலும் விகிதம் அதுதான். மிச்சத்தையும் பயன்படுத்த நைட்ரஜன் சேர்ப்பது, வெள்ளி ஒட்டுவது, இன்னொரு ஆக்சைடோடு இணைப்பது என்று எல்லாரும் முயல்கிறார்கள், நியாயமான முயற்சி. ஆனால் அதை மெத்திலீன் நீலத்தை வைத்துச் சோதித்தால் பதில் தெளிவாக வராது. சாயமே கட்புல ஒளியை உறிஞ்சி, தன் எலக்ட்ரானைப் பொடிக்குள் தள்ளி, தானே சிதையும். பொடி ஒளியைப் பிடித்ததா, சாயம் பிடித்ததா என்று பிரிக்கமுடியாது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் புன்ஷோ ஒதானியும் அவரோடு இருந்தவர்களும் 2006-லேயே இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டார்கள். இவ்வளவு ஆண்டுகள் ஆகியும் அதே சாயம், அதே விளக்கு, அதே முடிவு என்று கட்டுரைகள் வந்துகொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது. நிறமில்லாத ஒன்றை, பீனாலையோ சாலிசிலிக் அமிலத்தையோ, கூடவே ஒருமுறை சோதித்தால் போதும்.

அப்படியானால் சாயம் உண்மையில் போனதா என்று எதை வைத்துச் சொல்வது? கார்பனை எண்ணவேண்டும். மெத்திலீன் நீலத்தின் எடையில் 60 விழுக்காடு கார்பன். லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயம் என்றால் 6 மில்லிகிராம் கார்பன் தண்ணீரில் இருக்கிறது. சாயம் முழுவதும் சிதைந்து கரியமில வாயுவாகப் போய்விட்டால் அந்த 6, பூஜ்யத்தை நோக்கி வரவேண்டும். மொத்தக் கரிமக் கார்பன் அளக்கும் கருவியில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் படம் பிடித்துப் போட்ட அந்தத் தெளிந்த குப்பியில் கார்பன் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. வளையங்கள் உடைந்து ஃபார்மிக், அசிட்டிக், ஆக்சாலிக் அமிலங்களாக நிற்கிற கட்டம் அது. அவற்றையும் முடிக்க இன்னும் பல மணி நேரம் ஒளி வேண்டும். அந்த அமிலங்கள் பெரும்பாலும் சாதுவானவை, ஆற்றில் பாக்டீரியாக்களே தின்றுவிடும். நடுவில் வருகிற வளைய வடிவச் சிதைவுகளைப் பற்றித்தான் என் கவலை. அசோ வகைச் சாயங்களில் இரண்டு நைட்ரஜன்கள் சேர்ந்த பாலம்தான் நிறத்துக்குக் காரணம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அந்தப் பாலத்தை வெட்டினால் நிறம் போய்விடும், பதிலுக்கு அரோமாட்டிக் அமீன்கள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட 22 அமீன்களைப் பட்டியலிட்டு, அவற்றை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களைத் தோலில் படும் துணிகளுக்குத் தடுத்திருக்கிறது. நிறமுள்ள தண்ணீரையாவது கண்ணால் பார்த்து ஒதுங்கலாம். இதைப் பார்க்கவே முடியாது.

நான் பிறந்து வளர்ந்தது செபராங் பிறையில், சுங்கை ஜூரு பக்கம். நாட்டில் மாசடைந்த ஆறுகள் என்று பேச்சு வந்தால் ஜூருவின் பெயர் வராமல் இருக்காது. அதன் முகத்துவாரத்தில் கெராங் சிப்பி எடுத்துப் பிழைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தண்ணீர் தெளிந்திருக்கிறதே என்று யாராவது சொன்னால் நான் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சித்தப்பா அனுப்பிய தண்ணீருக்கு வருகிறேன். போன் பேசி ஓய்ந்த மனிதர், பட்டறையின் அலசல் நீரை இரண்டு கேனில் பிடித்து, பினாங்குக்கு வரும் தெரிந்தவர் காரில் கொடுத்தனுப்பிவிட்டார். திறந்து பார்த்ததுமே இது ஆய்வகத்துச் சாயநீர் இல்லை என்று புரிந்துவிட்டது. நம் ஊர் கைவரைப் பாத்தேக்கில் துணியில் மெழுகால் கோடு போட்டு, உள்ளே ரியாக்டிவ் சாயத்தால் நிறம் தீட்டுவார்கள். பிறகு சோடியம் சிலிக்கேட்டைப் பூசி ஊறவைப்பார்கள். அந்தக் காரத்தில்தான் சாயம் பஞ்சிழையோடு பிணையும். பிறகு அலசல். பிணையாத சாயமெல்லாம் அலசல் நீரில் போய்விடும். கடைசியில் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் துணியை முக்கி மெழுகை உருக்கி எடுப்பார்கள். ஆக அந்தத் தண்ணீரில் சாயம் மட்டுமா இருக்கிறது? சிலிக்கேட், கார்பனேட், மெழுகு, பிசின் எல்லாம் இருக்கிறது. பி.எச். 11-ஐத் தாண்டி நின்றது.

முதல் அலசல் நீரில் கொஞ்சம் அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவரப் பார்த்தேன். பீக்கரை அப்படியே வைத்துவிட்டுக் குறிப்பெழுதித் திரும்பினால், சாய்த்தாலும் தண்ணீர் அசையவில்லை. சிலிக்கேட் கட்டிவிட்டது. கருநீலத்தில் ஒரு பீக்கர் கூழ், விரலால் தொட்டால் அதிர்ந்தது. அதற்குள் ஒளி போவதாவது, பொடி கலப்பதாவது!

பின்வந்த அலசல்களின் நீர்த்த தண்ணீரிலும் பொடி திணறியது. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. தண்ணீரின் நிறமே புற ஊதாவைப் பொடிக்கு எட்டவிடாமல் விழுங்குகிறது. சிலிக்கேட் பொடியின் பரப்பில் படிந்து அடைக்கிறது. கார்பனேட் ஹைட்ராக்சில் ரேடிகலைச் சாயத்துக்கு முன்னால் தானே பிடித்துக்கொள்கிறது. ரேடிகலுக்குப் பேதம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா, மெழுகுத் துணுக்கும் அதற்கு ஒன்றுதான், சாயமும் ஒன்றுதான். இன்னொன்று, மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம், ரியாக்டிவ் சாயங்கள் சல்ஃபோனேட் குழுக்களால் எதிர்மின் சாயங்கள். காரநீரில் ஆக்சைடின் பரப்பும் எதிர்மின்னாகவே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். மெத்திலீன் நீலத்தில் நன்றாக ஓடிய பொடி இங்கே நொண்டுவதற்கு இதுவே போதும்.

பி.எச்.-ஐக் குறைத்தால் அந்தத் தள்ளல் குறையும். ஆனால் துத்தநாகம் கரையும். முதலிலேயே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். துத்தநாக ஆக்சைடு மிகக் குறைவாகக் கரைவது பி.எச். 9, 10 அளவில். 7-ஐ ஒட்டி வந்தாலே கரைந்த துத்தநாகம் ஏறும், ஒளி பட்டால் இன்னும் அரிக்கும். மலேசியாவில் 2009-ஆம் ஆண்டின் தொழிற்கழிவுநீர் விதிமுறைகளில் துத்தநாகத்துக்கு எல்லை லிட்டருக்கு 2.0 மில்லிகிராம், ஏ தரத்துக்கும் பி தரத்துக்கும் அதுவேதான். நிறத்துக்கு ஏ.டி.எம்.ஐ அலகில் ஏ தரத்துக்கு 100, பி தரத்துக்கு 200. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பக்கம் ஆற்றில் விடுகிறவர்களுக்கு ஏ தரம். நிறத்தை எல்லைக்குள் கொண்டுவந்து, துத்தநாகத்தை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டால் யாருக்கு லாபம்? எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன், வினை முடிந்த நீரில் துத்தநாகம் எவ்வளவு என்று அளந்து எழுதியவை குறைவு. எனக்கு இது ஒத்துக்கொள்ளவே முடியாத ஒன்று.

பொடியைத் திரும்ப எடுப்பதும் அப்படித்தான். 24 நானோமீட்டர் துகள் தானாகப் படியாது. ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறது, பட்டறையில் என்ன இருக்கிறது? வடிகாலுக்குள் போனால் போனதுதான். அதனால்தான் சித்தப்பாவிடம் கிலோ விலை சொல்லவில்லை.

அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது வேறு. மெழுகுக் கொதிநீரைத் தனியாக ஆறவிட்டு, மேலே கட்டும் மெழுகை வழித்தெடுங்கள். அது திரும்பவும் பயன்படும், காசு. சிலிக்கேட் கனமாக உள்ள முதல் அலசலை மற்ற அலசல்களோடு கலக்காதீர்கள், அளவில் அதுதான் குறைவு, தொல்லையில் அதுதான் அதிகம். மிச்ச நீரை நடுநிலையாக்கிப் படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ போட்டுத் தெளியவைத்தால் சாயத்தில் ஒரு பங்கும், மிதக்கும் குப்பையில் பெரும்பங்கும் அடியில் சேறாக இறங்கும். அந்தச் சேற்றை வெயிலில் காயவைத்து, உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைக்கவேண்டும். குழி வெட்டிப் புதைக்கக்கூடாது. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் வெளிறிய நிறநீர்தான் ஒளிவினையூக்கிக்கு ஏற்ற தண்ணீர். கடைசிப் படியில் அது தன் வேலையை நன்றாகச் செய்யும். முதல் படியிலேயே கொண்டுபோய் வைத்தால் தோற்கும்.

அந்தக் கடைசிப் படிக்காக இப்போது பொடியை விட்டுப் பூச்சுக்கு வந்திருக்கிறேன். துத்தநாகத்தையும் விட்டு டைட்டானியத்துக்கு வந்துவிட்டேன். நடுநிலை நீரில் அது கரைவதில்லை. டைட்டானியம் ஐசோபுரொபாக்சைடைக் கரைசலாக்கி, தட்டை அதில் முக்கி, ஒரே வேகத்தில் மேலே இழுத்து, உலர்த்தி, 450 டிகிரியில் சுடுகிறேன். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அந்தப் புட்டியைத் திறந்த மாத்திரத்தில் வாய் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். அதனால் மழை பெய்கிற சாயங்காலங்களில் நான் அதைத் தொடுவதே இல்லை. பூசிய தட்டுகளைச் சாய்வாக அடுக்கி, தெளியவைத்த அலசல் நீரை மெல்லிய படலமாக அவற்றின்மேல் ஓடவிடுகிறேன். வேகம் பொடியைவிடக் குறைவுதான், பரப்பு குறைந்துவிட்டதே. ஆனால் நீரோடு எதுவும் போவதில்லை, தட்டை வெயிலில் காயவைத்து மறுநாளும் பயன்படுத்தலாம். ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தில் நிறமும் கார்பனும் சேர்ந்து இறங்குவதை இந்த ஏற்பாட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கார்பன் மெதுவாகத்தான் இறங்குகிறது. இறங்குகிறது.

கண்ணாடித் தட்டில் பூச்சு சில வாரங்களில் ஓரத்தில் உரிகிறது. மெருகு பூசாத பீங்கான் ஓடுகளில் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வீடு கட்டி மிஞ்சிய அப்படிப்பட்ட ஓடுகள் யாரிடமாவது இருந்தால், உடைந்திருந்தாலும் பரவாயில்லை, கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். பட்டர்வொர்த், செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம் என்றால் சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தீவுப் பக்கம் என்றால் கெலுகோருக்குள் சொல்லுங்கள்.